பத்து இருபதுக்கு அதிரும் கதவு

எங்கள் தொழிற்சாலையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு லைனுக்குள் போக முடியாது. கேன்டீனுக்குப் போகும் நடையில் சுவரோரமாக இரும்பு லாக்கர்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சாப்பாட்டுக் கூடை நுழையும், அவ்வளவுதான். காலை ஆறு மணிக்கு முன்னால் போனை சைலண்டில் போட்டு உள்ளே வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். இரண்டரைக்கு ஷிப்ட் முடிந்த பிறகுதான் திறக்கலாம். நடுவில் திறப்பதற்கு சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். சத்தமாக அடித்த போனுக்கு மெமோ உண்டு. ஓசூரில் வேலை பார்க்கிற பாதிப் பேருக்கு இது தெரிந்த கதைதான்.

புதிதாகச் சேருகிற பெண்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பது வேறொன்று. போனை உள்ளே படுக்க வைக்காதே, கதவில் சாய்த்து நிற்க வை. பத்து இருபதுக்கு டீ பிரேக் விடுவார்கள். டீக்குப் போகும் வழியில் உன் கதவின் மேல் உள்ளங்கையை வை. தகடு மெலிசு, போன் அதிர்ந்தால் கதவும் அதிரும். அதிர்ந்தால் வீட்டில் யாரோ விடாமல் கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம், ஓடிப்போய் சீட்டு வாங்கு. அதிராவிட்டால் நிம்மதியாக டீ குடி. இதற்காகவே வீட்டில் இருப்பவர்களுக்கும் பத்து இருபது என்ற நேரம் மனப்பாடம். ஆபீஸ் நம்பர் ஒன்று இருக்கிறது. அதற்குச் சொன்னால், செக்யூரிட்டி சீட்டில் எழுதி, அந்தச் சீட்டு லைனுக்கு வந்து சேர்வதற்குள் பொழுது போய்விடும்.

இன்னொரு விதியும் உண்டு, எங்கும் எழுதி ஒட்டாதது. அடுத்தவள் கதவில் கை வைக்கக் கூடாது. யாருக்கு யார் கூப்பிடுகிறார்கள் என்பது அவரவர் வீட்டு விஷயம். ஒட்டுக்கேட்பதற்குச் சமம் என்று நினைத்தோம். அறுபது பெண்கள் வரிசையாக நின்று, ஆளுக்கு ஒரு கதவைத் தொட்டுவிட்டுப் பேசாமல் நகர்வதை வெளியாள் யாராவது பார்த்தால் ஏதோ வேண்டுதல் என்றுதான் நினைப்பார்.

எனக்கு அந்தக் கதவு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தேவைப்பட்டது. என் மகளுக்கு ஒன்பது வயது. ஐந்து வயதிலிருந்து வலிப்பு. மருந்து சாப்பிடுகிறாள், இருந்தாலும் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்துவிடும். வருவதற்கு ஒரு நிமிடம் முன்னால் அவளுக்குத் தெரியும். "அம்மா, கைல போன் அடிக்குது" என்பாள். கையில் போன் இருக்காது. இடது உள்ளங்கைக்குள் ஏதோ அதிர்கிறதாம். முதல் முறை அவள் அப்படிச் சொன்னபோது சிரித்தேன். அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தைக் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவளைப் பிடித்துக்கொள்வேன்.

வலிப்பு இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். கஷ்டம் அதற்குப் பிறகுதான். கண் திறந்தால் அரை மணி நேரம் அவளுக்கு எதுவும் புரியாது. பக்கத்தில் இருப்பவரைத் தெரியாது, தன் வீடே தெரியாது. பயந்து சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வாள். அப்பா தொட்டாலும் கத்துவாள். என் குரல் கேட்டால் மட்டும் அடங்குவாள். போனில் கேட்டாலும் போதும். அதனால் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. என் குரல் இல்லாமல் அவள் கண் திறக்கக் கூடாது. கீழ்வீட்டில் ஒரு கன்னடத்து அம்மா இருக்கிறாள், வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். நான் ஷிப்டில் இருக்கும்போது மகளைப் பார்த்துக்கொள்வது அவள்தான். வலிப்பு வந்தால் என் நம்பருக்கு விடாமல் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எங்களுக்குள் பேச்சு. நாலு வருடத்தில் நான் லைனில் இருந்தபோது வந்தது இரண்டு மூன்று தடவைதான், அதுவும் என் அதிர்ஷ்டம், டீ பிரேக்கை ஒட்டி வந்தது. அந்தப் பேச்சு ஒரு முறையும் தவறவில்லை.

போன கோடை விடுமுறை ஆரம்பத்தில் என் போன் அதிர்வதை நிறுத்திக்கொண்டது. முதலில் அதிர்வு இளைத்தது, பிறகு உள்ளே மணல் உருள்வது போலக் கரகரத்தது, ஒருநாள் சுத்தமாக நின்றுபோனது. மற்றதெல்லாம் சரியாக வேலை செய்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போன் கடைக்காரனிடம் காட்டினேன். "வைப்ரேட்டர் மோட்டார் போயிடுச்சுக்கா. பெங்களூர்லருந்து வரணும். ரெண்டு மூணு நாள் விட்டுட்டுப் போங்க" என்றான். விட்டுவிட்டுப் போவதாம். வீட்டுக்கதவைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று சொல்வது போல இருந்தது எனக்கு.

புதுப் போன் வாங்கியிருக்கலாமே என்று பிறகு நிறையப் பேர் கேட்டார்கள். வாங்கியிருக்கலாம். ஆனால் என் பிழைப்பே பூதக்கண்ணாடிக்குக் கீழே எள்ளு மாதிரி சாமான்களை ட்வீசரால் எடுத்து இடத்தில் வைப்பது. பன்னிரண்டு வருடமாக ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் வைக்கிறேன். பொட்டு அளவு இருக்கிற ஒரு மோட்டாருக்காக நான் இன்னொருத்தன் கடை வாசலில் நிற்பதா? திமிர்தான். ஒத்துக்கொள்கிறேன்.

அந்த ஒரு வாரம் மட்டும் எனக்கு இரண்டாவது ஷிப்ட், காலை நேரம் காலி. என் வீட்டுக்காரர் கிரானைட் லோடு லாரி ஓட்டுகிறார். வண்டியை ரிப்பேருக்கு விட்டிருந்ததால் அவரும் வீட்டில் இருந்தார். மறு திங்கட்கிழமை அவர் லோடு ஏற்றப் போய்விடுவார், எனக்கு மறுபடி முதல் ஷிப்ட். அதற்குள் போன் சரியாக வேண்டும். சந்தை நாளாகப் பார்த்து இருவரும் குந்தாரப்பள்ளிக்குப் போனோம். மாடு பிடிப்பவர்கள் கூட்டத்தைத் தாண்டி, கயிறும் சலங்கையும் விற்கிற இடத்துக்குப் பக்கத்தில் தார்ப்பாய் விரித்துப் பழைய போன்களைக் குவித்து வைத்திருப்பார்கள். என் போன் ரகத்திலேயே ஒன்று கிடைத்தது. முகம் முழுக்க நொறுங்கியிருந்தது.

"உள்ள இருக்கறது எல்லாம் நல்லாத்தான் இருக்குதும்மா. மேல மட்டும்தான் போச்சு" என்றான் விற்றவன்.

"யாரோடதுங்க இது?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

அவன் அடுத்த ஆளிடம் தெலுங்கில் பேச ஆரம்பித்தான். போனின் முதுகில் பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் ஒன்று பாதி கிழிந்து ஒட்டியிருந்தது. குழந்தைகள் நோட்டில் ஒட்டுகிற ஸ்டிக்கர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறை மேடையைத் துடைத்து, வெள்ளை வேட்டித் துணியை மடித்து விரித்து, இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதுகு மூடி பசையால் ஒட்டியிருக்கும், சூடு காட்டினால் இளகும். இடுப்பு வலிக்கு வைத்திருந்த வெந்நீர்ப் பையை நிரப்பி ஒவ்வொன்றின் மேலும் பத்து நிமிடம் வைத்தேன். பழைய ஐ.டி. கார்டின் மூலையை இடுக்கில் நுழைத்து மெதுவாகச் சுற்றி வந்தேன். சந்தைப் போன்தான் முதலில் திறந்தது.

உள்ளே ஓரமெல்லாம் பழுப்பாக ஏதோ காய்ந்து படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. வீட்டுக்காரர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். நெடுஞ்சாலையில் இருபது வருடம் வண்டி ஓட்டுகிற மனிதர். உடனே வெளியே போய்விட்டார்.

மாம்பழச் சாறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த ஜில்லாவில் மே மாதத்தில் எதன் மேல்தான் மாம்பழச் சாறு இல்லை. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். பேட்டரி இணைப்பை முதலில் கழற்றினேன். திருகாணிகளைக் கழற்றக் கழற்ற, மகளின் நோட்டுத் தாளில் போனின் படம் வரைந்து அதனதன் இடத்திலேயே வைத்தேன். ஒன்று மாறினாலும் நீளத் திருகாணி போர்டைக் குத்திவிடும். கீழ்ப்பக்கத் தகட்டைத் தூக்கியதும் மோட்டார் தெரிந்தது. வட்டமாக, வெள்ளியாக, குழந்தை நெற்றியில் வைக்கிற பெரிய பொட்டு அளவு. ட்வீசரால் நெம்பினேன். பசை நூல் நூலாக இழுத்துக்கொண்டே வந்து, கடைசியில் விட்டது.

மகள் கையை நீட்டினாள். அவள் உள்ளங்கையில் வைத்தேன். இடது உள்ளங்கை. உடனே பிடுங்கிக்கொண்டேன்.

என் போனின் செத்த மோட்டாரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இதைப் பதித்தேன். அடியில் இருக்கிற இரண்டு சின்ன ஸ்பிரிங்கும் தங்கப் புள்ளிகளில் சரியாக உட்கார வேண்டும், ஒரு மயிரிழை விலகினாலும் வேலை செய்யாது. மூடுவதற்கு முன்னால் பேட்டரியை இணைத்து ஆன் செய்து, வீட்டுக்காரர் போனிலிருந்து கூப்பிட்டேன். மேடை மேல் அது உயிரோடு நடுங்கியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனால் பழைய அதிர்வு போல இல்லை. பழையது வெட்டினாற்போல் நிற்கும். இது ஒவ்வொரு முறையும் முடிவில் கொஞ்சம் இழுத்தது, அழுது ஓய்ந்தவர்கள் மூச்சை இழுப்பது போல.

மகள் போனைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "இது நம்ப போன் இல்லம்மா. வேற யாரோ புடிச்சிகினு உதறுற மாதிரி இருக்குது."

"மோட்டார் மாத்தியிருக்குதில்ல, அதான் கண்ணு" என்று சொல்லி மூடியை ஒட்டினேன். மேலே இரண்டு டிக்‌ஷனரியை வைத்து மதியம் வரை அப்படியே விட்டேன்.

திங்கட்கிழமை பத்து இருபதுக்குக் கதவில் கை வைத்தேன். அதிர்ந்தது.

சூப்பர்வைசரிடம் ஓடினேன். அவருக்கு என் மகள் விஷயம் தெரியும், கேள்வி கேட்காமல் சீட்டு கொடுத்தார். பூட்டைத் திறந்தால் போன் சும்மா இருந்தது. ஒரு மிஸ்டு கால் கூட இல்லை. கீழ்வீட்டம்மாவுக்கு நானே அடித்தேன். "மகு மாம்பழம் தின்னுகிட்டு இருக்குதும்மா. ஏன், என்னாச்சு?" என்றாள். மகு என்றால் கன்னடத்தில் குழந்தை.

செவ்வாய்க்கிழமையும் அதே நேரம், அதே அதிர்வு, அதே வெறும் திரை. புதன்கிழமை சூப்பர்வைசர் சீட்டைக் கொடுத்துவிட்டு, "இதுதான் கடைசி. அப்புறம் எனக்குக் கேள்வி வரும்" என்றார். அன்றும் ஒன்றுமில்லை.

ஸ்பிரிங் எங்கோ உரசுகிறது, என் வேலையில்தான் குறை என்று நினைத்தேன். புதன் சாயங்காலம் மறுபடி வெந்நீர்ப் பையை நிரப்பி, மறுபடி திறந்து பார்த்தேன். ஸ்பிரிங் இரண்டும் புள்ளியில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன. குறை சொல்ல இடமில்லை. அதுதான் என்னை முதலில் பயமுறுத்தியது. வேலை தப்பாக இருந்தால் திருத்திவிடலாம். சரியாக இருந்தால் என்ன செய்வது? வீட்டில் அந்தப் போன் தானாக ஒரு முறையும் அதிரவில்லை. லாக்கருக்குள் பூட்டி, நான் கை வைக்கிற நேரத்துக்கு மட்டும்தான் அதிர்ந்தது.

லைனில் என் பக்கத்து சீட்டுக்காரி நாகரசம்பட்டிப் பெண். வாய் ஓயாது. அவளிடம் சந்தைப் போன் கதையைச் சொல்லித் தொலைத்தேன்.

"ஏன்க்கா, அடிபட்டுச் செத்தவங்க போனெல்லாம் எங்க போவுதுன்னு நினைக்கிற? அங்கதான் வருது. அதுக்கு வர்ற போன் எங்க வரும், சொல்லு" என்றாள்.

"அதுக்குச் சிம்மே இல்லடி. நான் எடுத்தது மோட்டார் மட்டும்தான்."

"நம்பர் சிம்முல இருக்கும். நடுக்கம் மோட்டார்லதான இருக்கும்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வியாழக்கிழமை பிரேக்கில் அவளையே கூப்பிட்டு என் கதவில் கை வைத்துப் பார்க்கச் சொன்னேன். வைத்தவள் சிரிப்பதை நிறுத்தினாள். இன்னும் இரண்டு பேர் வந்து வைத்தார்கள். நாலு உள்ளங்கை ஒரே கதவின் மேல். அந்த இழுப்பு இருக்கிறதா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, நாலு கை அழுத்தியதில் அதிர்வு மங்கிப்போயிருந்தது.

எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அன்று எனக்குள் ஓடியதைச் சொல்லிவிடுகிறேன். பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் ஒட்டிய குழந்தை ஒன்று எங்கோ உட்கார்ந்து, எடுக்காத ஒரு நம்பரைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருக்கிறது என்றே தோன்றியது. அது கூப்பிடுகிறது, நான் கை வைத்துக் கேட்கிறேன், என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அன்றைக்கு மதியம் நான் வைத்த சாமான்களில் நாலு, சோதனையில் தள்ளுபடியாகித் திரும்பி வந்தன. பன்னிரண்டு வருடத்தில் அப்படி நடந்ததில்லை.

வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் ஊர் திரும்பி வீட்டில் இருந்தார். மகளை அவர் பார்த்துக்கொள்வார் என்ற தைரியத்தில் ஒரு சோதனை செய்தேன். போனை சுத்தமாக ஆப் செய்து லாக்கரில் வைத்தேன்.

பத்து இருபதுக்குக் கதவு அதிர்ந்தது.

கையை வெடுக்கென்று இழுத்ததில் தடுமாறினேன். விழாமல் இருக்கப் பக்கத்தில் கையை ஊன்றினேன். ஊன்றிய இடம் வலது பக்கத்து லாக்கரின் கதவு. அது என் கதவைவிட இரண்டு மடங்கு அதிர்ந்தது.

இரண்டு லாக்கருக்கும் நடுவில் ஒரே தகடு. அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அடுத்தவள் கதவை நாங்கள் தொடுவதில்லையே. இத்தனை நாளும் எவளோ ஒருத்திக்கு வந்த அழைப்பை என் மகளுடையது என்றும், என் திருகாணி வேலையின் குறை என்றும், செத்தவர்களுடையது என்றும் நினைத்திருக்கிறேன். அந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரித்தேன். நாகரசம்பட்டிக்காரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு டீ வாங்கிவந்தாள்.

ஷிப்ட் முடிந்ததும் காத்திருந்தேன். அந்தக் கதவைத் திறக்க வந்தவள் புதிய பெண். போன வாரம்தான் கான்ட்ராக்டில் சேர்ந்து ஹாஸ்டலில் இருக்கிறாள். சிவகங்கைப் பக்கம். இருபது வயது இருக்கும்.

"ஒரு வாரமா உன் போன் பிரேக்குல அடிச்சிகினே இருக்குது, தெரியுமா?" என்றேன்.

"தெரியும்க்கா. எங்கம்மா." அவள் போனை எடுத்துத் திரையைப் பார்க்காமலே பையில் போட்டாள். "கல்யாணம் வேணாம்னு வீட்ல சொல்லாம வந்துட்டேன். கூட வந்த பிள்ளை பிரேக் நேரத்தச் சொல்லிட்டா போல. தினமும் கூப்புடுறாக."

"எடுத்துப் பேச வேண்டியதுதான?"

"எடுத்தா அழுவாக. அழுதா நான் போயிருவேன்க்கா."

எனக்குக் கோபம் வந்தது. நான் பட்ட பயமெல்லாம் சேர்ந்து அவள் மேல் திரும்பியது. "போவாத. யாரு போவச் சொன்னாங்க? உசுரோட இருக்கறன்னு ஒரு வார்த்தை சொல்லு. பெத்தவ எத்தினி நாளு காதுல போன வெச்சிகினு நிப்பா? அது என்னான்னு உனக்குத் தெரியாது" என்றேன். நடையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி. அடுத்த பத்து நாளும் பத்து இருபதுக்குக் கதவு அதிர்ந்தது. அந்தப் பெண் தன் கதவில் கை வைத்துக்கொண்டு நிற்பாள், பிரேக் முடிகிற வரை. திறக்கவும் மாட்டாள், நகரவும் மாட்டாள். நான் என் கதவைத் தொட்டு, அவளைப் பார்த்து, "உங்கம்மா" என்று சொல்லிவிட்டு டீக்குப் போவேன். ஒரு நாளும் தப்பாகவில்லை. சூப்பர்வைசரிடம் அநாவசியமாக நிற்க வேண்டிய தேவையும் இல்லாமல் போனது.

அந்த நாள் புதன்கிழமை. பிரேக் விட்டதும் நடைக்கு வந்தேன். பக்கத்துக் கதவில் அந்தப் பெண் இல்லை. கேன்டீனுக்குள் ஹாஸ்டல் பெண்களோடு அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. பரவாயில்லை, கொஞ்சம் தேறிவிட்டாள் என்று நினைத்தேன். என் கதவில் கை வைத்தேன். அதிர்ந்தது. நின்றது. உடனே மறுபடி அதிர்ந்தது. முடிவில் ஒரு இழுப்பு இருந்தது. இருந்தது என்று இப்போது சொல்கிறேன். அப்போது அது என் கையில் பட்டும் மனசில் ஏறவில்லை. வழக்கம் போல "உங்கம்மா" என்று, அங்கே இல்லாத பெண்ணிடம் சொல்லிவிட்டுக் கையை எடுத்தேன். டீயோடு அன்று பருப்பு வடை போட்டிருந்தார்கள். இரண்டு தின்றேன்.

இரண்டரைக்குக் கழுத்திலிருந்து சாவியை எடுக்கும்போது அந்தப் பெண் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். முகம் பளிச்சென்று இருந்தது.

"யக்கா, நீங்க சொன்னதையே யோசிச்சுக்கிட்டு இருந்தேன். நேத்து சாயங்காலம் அம்மாட்டப் பேசிட்டேன். அழுதாக, நானும் அழுதேன். அங்கயே இரு, ஞாயித்துக்கிழம மட்டும் பேசுன்னு சொல்லிட்டாக. இனி பிரேக்குல கூப்புட மாட்டாக" என்றாள்.

அப்படியானால் காலையில் அதிர்ந்தது யாருக்கு? சாவி துவாரத்தில் நுழையவில்லை. அவள்தான் வாங்கித் திறந்தாள். முப்பத்தோரு மிஸ்டு கால். முதலாவது பத்து பதினேழுக்கு.

அரசு ஆஸ்பத்திரி குழந்தைகள் வார்டு வாசலில் கீழ்வீட்டம்மா அளவெடுக்கும் டேப்பைக் கழுத்தில் போட்டபடியே நின்றிருந்தாள். என்னைத் திட்டவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். பத்தேகால் இருக்கும், கையில் போன் அடிக்கிறது என்று மகள் சொல்லியிருக்கிறாள். கீழ்வீட்டம்மாவின் போனை வாங்கி மகளே என் நம்பரை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டாள். மணி போய்க்கொண்டிருக்கும்போதே விழுந்துவிட்டாள். இரண்டு நிமிடத்தில் நிற்கவில்லை. ஐந்து நிமிடத்திலும் நிற்கவில்லை. துணி தைக்கக் கொடுக்க வந்திருந்த பெண் ஒருத்தி ஆட்டோ பிடித்தாள். ஆட்டோவிலும் ஆஸ்பத்திரியிலும் இந்த அம்மா என் நம்பருக்கு அடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஊசி போட்ட பிறகுதான் அடங்கியது. பதினொன்றரைக்கு மகள் கண் திறந்தாள்.

"ரொம்ப கத்திடுச்சும்மா மகு. நாலு பேரு புடிச்சோம். அம்மா அம்மான்னு சொவத்தப் பாத்துச் சொல்லிச்சு. உன் ரவிக்கை ஒண்ணு தைக்கக் கெடந்துச்சில்ல, உன் வாசனைக்கு அடங்குமான்னு அதக் கொண்டாந்து குடுக்கச் சொன்னேன். கேக்கல" என்றாள் அவள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்றார். மருந்தைக் கூட்ட வேண்டும், இரண்டு நாள் இருக்க வேண்டும். நான் தலையாட்டிக்கொண்டே நின்றேன். ஒன்றுமில்லை என்று அவர் சொன்னது எனக்கு ஏறவே இல்லை. நாலு வருடமாக நான் காப்பாற்றி வைத்திருந்தது அந்த ஒன்றைத்தான்.

மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் பிடித்த இடமெல்லாம் சிவந்திருந்தது. கட்டிலோரம் உட்கார்ந்தேன். லோடு இறக்கிவிட்டுக் கிளம்புவதாக வீட்டுக்காரர் போனில் சொன்னார். எப்படி எடுக்காமல் விட்டாய் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கதவில் கை வைத்ததையும் எடுத்ததையும் பற்றி அதுவரை ஒரு மனிதரிடமும் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த லாக்கரை என் மகள் பார்த்ததே கிடையாது.

வெயில் இறங்குகிற நேரத்தில் கண் திறந்தாள். என்னைத் தெரிந்துகொண்டாள். என் வலது கையை இழுத்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"நீ வந்தம்மா" என்றாள்.

"வந்துட்டன் கண்ணு. இங்கதான் இருக்கறன்."

"இப்ப இல்ல. அப்ப. நான் கூப்ட்டப்ப. வந்து என் மேல கைய வெச்ச." அவள் குரலில் கோபம் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். "அப்புறம் எடுத்துட்ட. ஏம்மா எடுத்த?"

வார்டில் யாரோ பிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்தார்கள். நான் அவளிடம் பொய் சொன்னதில்லை, அன்றும் சொல்ல முடியவில்லை.

"டீ குடிக்கப் போனேன் கண்ணு" என்றேன்.